படிவத்தில் எழுதாத மாத்திரை

செப்டம்பர் 4
இடது சிறுநீரகத்தின் கீழ்ப்பகுதியில் பதினேழு மில்லிமீட்டர் கல். ஆதாரம்: நேற்று விருதுநகரில் எடுத்த சிடி ஸ்கேன். வலது சிறுநீரகம் எப்போதோ சுருங்கிவிட்டது. ஆபத்து, வேலை செய்கிற ஒன்றுக்கு.

செப்டம்பர் 6
டாக்டர் பிரீத்திகா மூன்று வழி சொன்னார். அதிர்வலையால் வெளியிலிருந்தே உடைப்பது: என் கல் கெட்டி, கீழே கிடக்கிறது, துண்டுகள் இறங்குவது கடினம். முதுகில் சிறு துளை: பெரும்பாலும் ஒரே முறையில் முடியும், ரத்தக்கசிவு வாய்ப்பு அதிகம். சிறுநீர்ப்பாதை வழியே லேசர்: துளை இல்லை, இரண்டாம் முறை தேவைப்படலாம்.

இருபத்திரண்டு கேள்வி கேட்டேன். "பேட்டியா சார் எடுக்கீங்க?" என்று சிரித்தார்.

துளை என்றேன். தீபாவளிக்கு ஆறு வாரம். பட்டாசு ஆலைகள் அவசரத்தில் ஓடும் சீசன். எங்கே வெடித்தாலும் செய்தி சேகரிக்க நான் போகவேண்டும்.

செப்டம்பர் 9
வெம்பக்கோட்டைப் பக்கம் ஓர் ஆலையில் விபத்து. பகல் முழுக்க வெயில். "எம்புட்டு நேரம் நிக்கீக, குடிங்கண்ணே" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டியவர் முருகம்மாள், கணவரைத் தேடி வந்தவர். கணவர் உயிரோடிருப்பது மாலை ஆறுக்கு உறுதியானது.

செப்டம்பர் 11
நாளை அட்மிஷன். மகள் வீட்டிலிருந்து ஞானஜோதி வந்துவிட்டாள். முப்பது வருடம் நர்ஸாக இருந்த மனைவி, வந்ததும் கேட்டாள்:

"ரத்தம் உறையாம இருக்கப் போடுற மாத்திரைய என்ன செய்யச் சொன்னாக?"

மருத்துவமனைப் படிவத்தின் நகலை நீட்டினேன். ஏப்ரலில் இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தது. ஓராண்டுக்கு அந்த மாத்திரையை நிறுத்தக்கூடாது.

"படிவத்துல எழுதலையா? ஊரையெல்லாம் கேள்வி கேக்கீக, அந்த டாக்டர் பிள்ள கேட்ட ஒண்ணுக்குப் பதில் எழுதலையே! துளை போட்டா ரத்தம் நிக்குமா? மாத்திரைய நிறுத்துனா நெஞ்சு தாங்குமா?"

மறந்துவிட்டேன் என்றேன். இல்லை — இங்கேயும் பொய் எதுக்கு? அந்தக் கட்டத்தில் பேனா நின்றது. எழுதினா தேதி தள்ளிப்போகும், சீசன் போயிரும்னு தெரியும். தெரிஞ்சேதான் தாண்டிப் போனேன்.

டாக்டருக்கு நானே போன் செய்தேன். மாத்திரையின் பெயரையும் அளவையும் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

செப்டம்பர் 12
துளை ரத்து.

செப்டம்பர் 26
இருதய டாக்டரிடம் கலந்து, மாத்திரையை நிறுத்தாமலே நேற்று லேசர். சிறுநீரில் லேசான சிவப்பு. இது எதிர்பார்த்ததுதான் என்கிறாள் ஞானஜோதி. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் வந்து பார்க்கிறாள்.

அக்டோபர் 14
சாத்தூர் விபத்து. செய்தி, எனக்குப் பதிலாகப் போன நிருபர் அன்பரசன் பெயரில் வந்திருக்கிறது, பிழையில்லாமல். நான் அதை வீட்டில் உட்கார்ந்து படித்தேன்.

ஐந்து மில்லிமீட்டர் துண்டு ஒன்று மீதி. ஆதாரம் நேற்றைய எக்ஸ்ரே. தேவைப்பட்டால் என்று, மறுபடி லேசருக்கான படிவத்தை வாங்கி வந்தாயிற்று. முதலில் மாத்திரைப் பெயரை எழுதினேன். ஞானஜோதி வாங்கி இரண்டு தடவை வாசித்தாள்.

துண்டு தானாக இறங்குமா, லேசரேதானா என்பது நவம்பர் 3 ஸ்கேனில் தெரியும்.