கூரைக்கு வந்த காய்ச்சல்

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு,

இங்கே நாங்கள் சுகம். என் ரத்தக்கொதிப்பும் தண்ணீர் மோட்டாரும் அவ்வப்போது எகிறுகின்றன, மற்றபடி குறையில்லை. மாப்பிள்ளையும் பேத்தியும் நீயும் சௌக்கியமாக இருப்பது உன் குரலிலேயே தெரிந்தது.

விடுமுறைக்கு வருகிறோம், ஆனால் ஓட்டலில் தங்கிக்கொள்கிறோம் என்று நீ சொன்னதில் எனக்குக் கோபமில்லை. போன தடவை மாடி அறையில் குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு வந்தது உண்மைதானே. ஆனால் போனை வைத்ததிலிருந்து உன் அம்மா, பெத்த பொண்ணு விருந்தாளி மாதிரி வந்து எட்டிப் பார்த்துட்டுப் போவாளாம் என்று என்னிடம் சொல்லாமல் சுவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், சுவருக்கும் வேறு வழியில்லை. ஏசிக் கடைக்காரர் வந்து பார்த்து, சார் பகல் பூரா கூரை சூட்டைக் குடிச்சிட்டு ராத்திரி பூரா உள்ள கக்குது, பெரிய மெஷினாப் போடுங்க என்றார். நோயைச் சரியாகச் சொல்லிவிட்டு மருந்தை மட்டும் தன் கடையிலிருந்து எழுதினார். நான் கூரைக்கே வைத்தியம் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். பாரம் தாங்கும் என்று எஞ்சினியர் சொன்ன பிறகு, கொத்தனார் தண்ணீர் கசியாமல் பூச்சு பூசி, வேர் இறங்காமல் தடித்த ஷீட் விரித்து, சரளை பரப்பி, மேலே மண் போட்டுத் தரையோடு படரும் செடிகளை நட்டார். வேலை முடியும்வரை, மாடு எப்ப சார் வருது என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

செலவு ஏசியைவிட அதிகம்தான், மறைக்கவில்லை. ஆனால் ஏசி மாதாமாதம் கரண்ட் பில்லாக வந்து வாசலில் நிற்கும், கூரை ஒரே தடவை கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டது. மண்ணுக்குக் கீழே விரிசல் விட்டிருந்த சிமெண்டும் இனி வெயிலில் காயாது. நெற்றியில் காட்டும் தெர்மாமீட்டரை, வேலைக்கு முன்பும் பின்பும், மாடி அறையில் ஸ்டூலில் ஏறிக் கூரைக்குக் காட்டினேன். முதலில் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய காய்ச்சல் இருந்தது, இப்போது இல்லை. குளிரும் என்று பொய் சொல்லமாட்டேன், ஃபேன் வேண்டும். முன்பு அது அனலைக் கலக்கியது, இப்போது காற்று தருகிறது.

உன் அம்மா நம்பவில்லை. நானே பாத்துக்கறேன் என்று உச்சி வெயிலில் மாடி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தாள். பொழுது சாய்ந்து இறங்கி வந்து, ஒரு மனுஷியை எழுப்பத் தெரியாதா, அடுப்படி வேலையெல்லாம் அப்படியே கிடக்கு என்று என்னைப் பிடித்து விளாசினாள். நன்றாக இருக்கிறது என்று இதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நேற்று காலை பேத்திக்கு ஒரு சின்ன மெத்தை வாங்கி வந்து, என்னைத் தொடவிடாமல் தானே மாடியில் விரித்துவிட்டு வந்தாள்.

மூவரும் நீடூழி நன்றாக இருங்கள். ஓட்டல் அறையை மறக்காமல் ரத்து செய்துவிடு. முன்பணம் திரும்பாது என்றால் மாப்பிள்ளை மட்டும் அங்கே படுத்துக்கொள்ளட்டும், குறட்டையைத் தணிக்கும் கூரையை யாரும் இன்னும் போடவில்லை.

ஆசிகளுடன்,
அப்பா