பிடியரிசியில வெண்ட எம்.பி.

பாலமுனை
24.03.1997

அன்பு மகன் றாஸிக்குக்கு உம்மா எழுதிக்கொள்ளுறது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்ட காவல்ல நாங்க எல்லாரும் சோறு தண்ணிக்குக் குறைவில்லாம இருக்கிறம், நீயும் அந்தக் கத்தார் வெயில்ல தலையிடி காய்ச்சல் இல்லாம இருக்கணுமெண்டு ஒவ்வொரு தொழுகையிலயும் கையேந்துறன். உன்ட கடிதம் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பொறகு கிடைச்சிது. வாப்பாட முட்டுக்கால் வருத்தம் கொஞ்சம் குறைவு, ஆனா மனிசன் சொல்லுக் கேக்கிறாரா, பெரும்போக வெட்டு முடிஞ்ச கையோட வரம்பு கட்டப் போறனெண்டு மண்வெட்டியத் தூக்கிட்டார். நெல்லு பரவாயில்ல, சம்மாந்துறை மில்லுக்காரன் ஈரமெண்டு சொல்லி விலையக் குறைச்சிப்போட்டான், அவனுக்கு எந்த வருசம்தான் நம்மட நெல்லு காஞ்சிருந்திச்சி. தங்கச்சி நதீராக்கு இது ஏழாம் மாசம். கால் வீங்கியிருக்கு, சோறு இறங்குதில்ல, மாங்காயும் உப்பும் மட்டும் நல்லா இறங்குது.

நீ எழுதினத வாசிச்சிட்டு கடிதத்த மடிச்சித் தலகணிக்குக் கீழ வெச்சன். நம்மட ஜவுபர் எம்.பி. ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பொறகு அங்க வாறானாம், நீ ஊர்ப் பொடியன்மாரையெல்லாம் ஒரு இடத்தில கூட்டி அவன்ட அடுத்த எலக்சனுக்குக் காசு சேத்துக் குடுக்கப் போறியாம், உம்மா சந்தோசப்படுவீங்கண்டும் எழுதியிருக்கிறாய். சந்தோசமாம் சந்தோசம்! மனே, இஞ்ச நடந்தது உனக்குத் தெரியா. வெளிநாட்டில கிடந்து கஷ்டப்படுற புள்ளைட மனச ஏன் உடைப்பானெண்டு வாயப் பொத்திட்டு இருந்தன். இனிப் பொத்த ஏலாது.

அவன் யாரெண்டு உனக்குச் சொல்லத் தேவையில்ல, ஆனா எனக்குச் சொல்லி ஆறணும். அவன்ட உம்மா ஸகியா அவனப் பெத்த கையோட காய்ச்சல்ல விழுந்து பால் வத்திப்போக, கைக்குழந்தையா இருந்த உன்ன ஒரு பக்கமும் அவன ஒரு பக்கமும் போட்டு நான்தான் பால் குடுத்தன். மார்க்கப்படி அவன் எனக்குப் புள்ள, உனக்கும் நதீராக்கும் கூடப்பிறந்தவன். அவன்ட வாப்பா போன பொறகு ஸகியா இடியப்பம் அவிச்சி வித்துப் படிப்பிச்சாள், பின்னேரமானா நீயும் அவனும் நம்மட குசினியில ஒரே சஹன்ல, ஒரு பெரிய தட்டில ரெண்டு பேரும் கை போட்டுத் தின்பீங்க, மீன்ட நடுத்துண்ட அவன் உன்ட பக்கம் தள்ளி விடுவான். அந்தப் புள்ளைய மனசில வெச்சிட்டுத்தான் நான் இந்த எம்.பி.ய நம்பினன்.

நதீராட தலைப்புள்ள போன நேரம் நீ அங்க போன புதிசு. அடைமழை, ஊரடங்கு, நம்மட டிஸ்பென்சரியில புள்ளப்பேறு பாக்க வாட்டும் இல்ல ஆளும் இல்ல, கல்முனைக்குக் கொண்டு போற வழியில சென்றிக்குச் சென்றி ஆமிக்காரன் மறிச்சி, வேனுக்குள்ளயே புள்ள பிறந்து மௌத்தாப் போச்சி. அந்தச் சின்ன மையத்தக் கையில தூக்கிட்டுப் போனவன் ஜவுபர்தான். அடக்கிட்டு வந்து வாசல்ல நிண்டு என்ட கையப் பிடிச்சி அழுதான். உம்மா நான் எலக்சன் கேக்கப் போறன், வெண்டா டிஸ்பென்சரிக்குப் பக்கத்து வளவில புள்ளப்பேறு வாட்டுக் கட்டுறதுதான் முதல் வேலை, இனி இந்த ஊர்ப் பொம்புள ஒருத்தியும் றோட்டில புள்ள பெறமாட்டாள் எண்டு சொன்னான். எலக்சன் கேக்கப் போறவன்ட கண்ணீர நம்பாத எண்டு வாப்பா அப்பவே சொன்னார். நான் அவரோட சண்டை பிடிச்சன்.

மறுகா நாங்க செஞ்சது உனக்கு முழுக்கத் தெரியா. சோறாக்க அரிசி எடுக்கிற நேரம் ஒரு பிடிய மதுறசாவுக்கெண்டு சட்டியில போடுறது நம்மட பொம்புளைகள்ட வழக்கம்தானே. எலக்சன் முடியும் மட்டும் அந்தப் பிடியரிசிய ஜவுபருக்குத் தாங்கண்டு வீடு வீடாப் போய்க் கேட்டவள் நான்தான். மதுறசாக் கூரை இன்னும் ஒரு மாரிக்கு ஒழுகினாலும் ஒழுகட்டும், நம்மட புள்ளைகள் உசிரோட பெத்து எழும்பட்டுமெண்டு சொன்னன். இல்லாத வீட்டிலயும் இல்லையெண்டு சொல்லல்ல, ஒரு நேரம் கஞ்சி குடிக்கிறவளும் கையக் குவிச்சித் தந்தாள். அந்த அரிசி வித்த காசிலதான் அவன்ட நோட்டீஸ் அடிச்சது, ஸ்பீக்கர் கட்டின வேன் ஓடினது. எலக்சன் வெண்ட அண்டைக்கு மாலையும் கழுத்துமா நேர நம்மட குசினிக்குள்ள வந்து, உம்மா சோறு தாங்க எண்டு கேட்டுத் தின்னான்.

அதுக்குப் பொறகு ஆளக் கண்ணில காணக் கிடைக்கல்ல. கொழும்பிலயாம், கூட்டத்திலயாம். ஒண்டுமே செய்யல்லயெண்டு பொய் சொல்லமாட்டன், நாலைஞ்சி றோட்டுக்குத் தார் போட்டான், எல்லாம் கொந்தராத்துக்கார றஊப் ஹாஜியார் போட்ட தார், ஒரு மழையில கரைஞ்சி போச்சி. போன மாசம் அந்த வளவில அடிக்கல் நாட்டுறதெண்டு ஸ்பீக்கர்ல சொல்லிட்டுப் போனாங்க. வாட்டுத்தான் வருதெண்டு நதீராவக் கூட்டிட்டு ஓடினன். அரிசி தந்த பொம்புளைகள் எல்லாரும் பெருநாளுக்கு உடுக்கிற சாரியோட வந்து நிண்டாளுகள். சீலைய விலக்கினா, கல்லில றஊப் ஹாஜியார்ட வாப்பாட பேரில கடைத்தொகுதி. கடைத்தொகுதி மனே! நான் எழுத்துக்கூட்டித் திரும்பவும் வாசிச்சன். ஜவுபர் மைக்கப் பிடிச்சி, என்ட எலக்சன் செலவு முழுக்கத் தனியாளாத் தாங்கினவர் றஊப் ஹாஜியார், அவரத் தவிர ஒருத்தருக்கும் நான் கடமைப்பட்டவன் இல்ல எண்டான். பொம்புளைகள் அவனப் பாக்கல்ல, என்னத்தான் பாத்தாளுகள். யா அல்லாஹ், அந்தப் பார்வைய நான் எங்க கொண்டு வெப்பன். நதீரா வயித்தில கைய வெச்சிட்டு, வீட்ட போவம் உம்மா எண்டாள்.

அடுத்த நாள் விடிய அவன்ட வாசலுக்குப் போனன். உம்மா உங்களுக்கு அரசியல் விளங்காது எண்டான். பிடியரிசியால எலக்சன் வெல்லுறதா, அது பொம்புளைகள்ட ஒரு ஆசைக்கு, ஹாஜியார் காசு இறக்காட்டி நான் இண்டைக்கும் டியூசன் மாஸ்டர்தான், அவர் கேட்ட வளவக் குடுக்காம இருக்க ஏலுமா, வாட்டப் பொறகு பாப்பம் எண்டான். பொறகாம்! நதீராட வயிறு இவன்ட பொறகுக்குக் காத்திட்டு இருக்குமா? சட்டப் பையில இருந்து காசுத் தாளுகள எடுத்து அவள்ட செலவுக்கெண்டு என்ட கையிலயே திணிச்சான். நான் அத ஸகியாட மடியில போட்டிட்டு வந்திட்டன். பாவம், மகன் எம்.பி., அவள் இன்னும் இடியப்பம்தான் அவிக்கிறாள்.

பிடியரிசி இப்ப திரும்ப மதுறசாவுக்குச் சேருது. நான் கேக்கப் போகல்ல, எனக்கு முகமில்ல. ஸகியாதான் சட்டியத் தூக்கிட்டு வீடு வீடாப் போறாள். நதீராவ அடுத்த மாசமே கல்முனையில சாச்சிட வீட்டில கொண்டு வெக்கப் போறம், அவள் ராவையில திடுக்கிட்டு எழும்பி இருக்கிறாள், துஆச் செய் மனே.

காசு சேக்காத. பொடியன்மாருக்கு இந்தக் கடிதத்த வாசிச்சிக் காட்டு, ஒளிக்க ஒண்டுமில்ல. தண்ணி நிறையக் குடி, சுபஹுத் தொழுகைய விடாத, உன்ட உழைப்பில அல்லாஹ் பறக்கத்துச் செய்வான். அவன் எப்படியும் உன்ட ரூமுக்கு வருவான், சகோதரனெண்டு தோள்ல கை போடுவான். கதவ மூடாத. குடுத்த பாலத் திருப்பிக் கேக்க ஏலாது, நான் மௌத்தாகினாலும் அவன் என்ட புள்ளதான், அதுதான் மனே என்ன இப்படி வேக வெக்குது. சோறு போடு, நடுத்துண்டு மீனையும் அவனுக்கே வை. ஆனா சஹன்ல போடாத. தனிப் பீங்கான்ல போட்டு, நீ எட்டி இருந்து தின். ஏனெண்டு கேக்கமாட்டான், அவனுக்கு விளங்கும்.

இப்படிக்கு,
உங்க ரெண்டு பேருக்கும் பால் தந்த உம்மா
ஹாஜறா