எந்தப் பரவாயில்லை?

பெங்களூரு

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. நீங்களும் அத்தையும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? என் பாப்பாவுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டதா?

இங்கே ஒரு வேடிக்கை. கல்வராயன் மலையில் "உடம்பு எப்படி?" என்று கேட்டு வந்தேனே, அந்த ஆய்வில் மோசம், பரவாயில்லை, நல்லது என்று மூன்று படிகள். வயது, சாப்பாடு, வேலையை வைத்து, யார் எந்தப் படியில் இருப்பார் என்று கணிக்கக் கணினியில் ஒரு மாடல் போட்டேன். வந்த பதில்களோடு ஒப்பிட்டால், நடுப்படியில் மட்டும் மாடல் சொன்னதைவிட ஆட்கள் ரொம்ப ஜாஸ்தி. "உங்க மலையில எல்லாருமே பரவால்லயாம்மா?" என்று பேராசிரியர் சிரித்தார்.

ஒலிப்பதிவுகளைத் திரும்பக் கேட்டேன். ஒரு அக்கா, "பரவால்லமா, நேத்து எழுந்திருக்கவே முடியல" என்கிறார். இன்னொருவர் மூட்டையை இறக்கி வைத்தபடியே, "பரவால்ல, எனக்கு இன்னா கொறச்சல்?" என்கிறார். ஒரே சொல்லுக்குள் இரண்டு படி ஒளிந்திருக்கிறது, மாமா. மாடல் எப்படிப் பொருந்தும்?

நேற்று போனில் நீங்களும், "பரவால்ல, நீ வேலையப் பாத்துக்கினு இரு செவ்வந்தி" என்றீர்கள். அது எந்தப் படி? பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் வாட்ஸப்பில் எழுதுகிறேன். பாப்பா கஞ்சி குடித்தாளா, தூக்கத்தில் என்னைத் தேடினாளா என்று சொல்லுங்கள். அவள் இருமலைப் பதிந்து அனுப்புங்கள். மோசம் என்று ஒரு வார்த்தை போதும், ரயிலேறிச் சின்னசேலத்தில் வந்து இறங்கிவிடுவேன்.

ஹாஸ்டலில் விளக்கை அணைக்கச் சொல்கிறார்கள். நான் எப்படி இருக்கிறேன் என்று மட்டும் கேட்காதீர்கள். நானும் பரவாயில்லை என்றுதான் சொல்வேன்.

உங்கள்
செவ்வந்தி