சோம்பலுக்கு ஒரு ஆமென்

ஆறுமுகநேரி,
18-3-1976

கர்த்தருக்குள் அன்பான ஜீவமணி அக்காவுக்கு,

தம்பி தேவதாசன் ஸ்தோத்திரத்தோடு எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். வேலூரில் உன் நர்ஸ் வேலை எப்படிப் போகிறது? இந்தக் கடிதத்துக்கு மை வாங்கப் போய் வாழைக்காய் வாங்கிக்கொண்டு திரும்பினேன். சிரிக்காதே.

நீ என்னைக் கூட்டிப்போய்க் காட்டிய டாக்டர் சொன்னதை மட்டும் மறக்கவில்லை. கவனம் ஓரிடத்தில் நிற்காத குறை, பிறவியிலேயே மூளையில் உள்ளது, சோம்பல் இல்லை என்றாரே. இந்த வயதில் அதைக் கேட்டுவிட்டு ரயிலில் அழுதுகொண்டே வந்தேன். சந்தோஷத்தில்தான்.

வந்த வாரமே உப்பளத்தில் தப்பு நடந்துவிட்டது. உப்பு வாருகிற பக்குவத்தில் இருந்த பாத்திக்குப் பக்கத்து மடையைத் திறந்துவிட்டு, பூநாரைகள் இறங்குவதைப் பார்க்கப் போய்விட்டேன். கடல் தண்ணீர் புகுந்து விளைந்த உப்பெல்லாம் கரைந்துபோனது.

முதலாளி காரணம் கேட்டார். டாக்டர் சொன்னதை அவரிடம் சொல்லி, மடை மூடும்வரை கூட ஒரு ஆளை நிறுத்தக் கேட்கலாமா என்றேன் அப்பாவிடம். அப்பா எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்கள். "ஏலே, சோம்பேறின்னா ஊரு சிரிச்சிட்டுப் போயிரும். மூளைல கோளாறுன்னா கிருபாபாய்க்குப் பேசின சாத்தான்குளத்துச் சம்பந்தம் நின்னுரும். வாயத் தொறக்காத" என்றார்கள். தங்கச்சி முகத்தைப் பார்த்த பிறகு நான் என்ன பேச? முதலாளியிடம், அசந்துட்டேன் அண்ணாச்சி என்று மட்டும் சொன்னேன். இன்னொரு தடவை நடந்தால் வேலைக்கு வரவேண்டாம் என்றுவிட்டார். நடக்கும் அக்கா. எனக்குத் தெரியும்.

நம் வீட்டு ஜெபம் உனக்குத் தெரியுமே. அப்பா ஒவ்வொருவர் குறையையும் பேர் சொல்லி ஜெபிப்பார்கள். அந்த ஆள் ஆமென் சொன்னால்தான் அடுத்த ஆளுக்குப் போவார்கள். உண்மை தெரிந்த பிறகும், "கர்த்தாவே, தேவதாசனுடைய சோம்பலை எடுத்துப்போடும்" என்றுதான் ஜெபிக்கிறார்கள். நேற்று நான் வாயைத் திறக்கவில்லை. எல்லாரும் முழங்காலிலேயே இருந்தோம். அடுப்பில் சோறு தீய்கிற வாசனை வந்தது. கிருபாபாய் விசும்ப ஆரம்பித்தாள். ஆமென் சொல்லிவிட்டேன்.

தங்கச்சி கல்யாணம் முடிந்தால் சொல்லலாமா என்றும் அப்பாவிடம் கேட்டுப் பார்த்தேன். அப்புறம் அவள் பிள்ளைகளுக்குப் பெண் எடுக்க, கொடுக்க வேண்டாமா என்கிறார்கள்.

நீயும் யாரிடமும் சொல்லிவிடாதே. அங்கே முழங்கால் போடும்போது மட்டும், என் குறையை டாக்டர் சொன்ன பேரால் சொல்லி ஜெபம் பண்ணு. எந்த நேரத்தில் ஜெபிப்பாய் என்று எழுது. மறந்துபோகாமல் இருக்கப் பார்க்கிறேன். அதற்கும் இங்கிருந்து ஒரு ஆமென் சொல்ல வேண்டும்.

உன் தம்பி,
தேவதாசன்