தோளுக்குக் கேட்ட காலடி

மார்ச் 4, செவ்வாய்

புது நோயாளி. தையல்காரர். வலது கை தோளுக்கு மேல் ஏறவில்லை, இடது கை பரவாயில்லை. இரண்டு தோளும் எப்போதோ இடம் விலகி, வைத்தியம் பார்க்காமல் கோணலாகச் சேர்ந்திருக்கின்றன. ஏணியிலிருந்து விழுந்தாராம். ஏணியிலிருந்து விழுந்தால் இரண்டு தோளும் ஒரே மாதிரி பின்பக்கமாகவா விலகும்? இத்தனை வருஷம் பிசியோதெரபி செய்தவள் காதில் பூ சுற்ற முடியாது. ஆனாலும் துருவிக் கேட்கவில்லை. எங்கள் சிகிச்சை மையத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் உயிர் பிழைத்தால் போதும் என்று நாட்டை விட்டு வந்தவர்கள். முதல் நாள் ஏணி, மாடிப்படி என்றுதான் சொல்வார்கள். நாம்தான் காத்திருக்க வேண்டும்.

இவருக்குக் காத்திருக்க நேரமில்லை. இங்கே தங்க விடுவதா, திருப்பி அனுப்புவதா என்ற விசாரணை ஏப்ரல் கடைசியில். காயம் எப்படி வந்தது என்று எங்கள் டாக்டரம்மா எழுதிக் கொடுப்பதைத்தான் விசாரிக்கிறவர்கள் பார்ப்பார்கள். ஏணி என்று எழுதினால் கதை முடிந்தது.

நல்லவேளை, துபாஷி இருக்கிறார். மொழிபெயர்ப்பாளருக்கு டாக்டரம்மா வைத்த பட்டப்பெயர் அது. "பாஷை தெரிஞ்சா மட்டும் போதாது. அவங்க மரியாதை, வெட்கம், பயம் எல்லாம் தெரிஞ்ச ஆள் வேணும்" என்று அவர் சல்லடை போட்டுத் தேடிப் பிடித்த ஆள். துபாஷியும் தையல்காரரின் ஊர்ப்பக்கம்தான். மோதிரத்தால் கதவு நிலையில் டொக்கென்று தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். எல்லோருக்கும் காகிதக் கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார். இன்று தையல்காரரிடமும் நீட்டினார். வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

தையல்காரர் வருவதற்கு முன்பே துபாஷி என் அறைக்கு வந்துவிட்டார். "மேடம், அந்தக் குழாய் சொட்டுது. அவர் வர்றதுக்குள்ள இறுக்கி மூடிடுங்க. பின்னாடி நிக்காதீங்க. எங்க தொடப்போறீங்கன்னு காட்டிட்டுத் தொடுங்க. துண்டை மட்டும் முகத்துக்கிட்ட கொண்டுபோகவே கூடாது."

சொன்னபடி செய்தேன். போன வாரம் கதவோரமே நின்றவர் இன்று கட்டிலில் உட்கார்ந்தார். டாக்டரம்மாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. எங்கள் எல்லோருக்கும் துபாஷியை வைத்து ஒரு வகுப்பு எடுக்கப்போகிறாராம்.

ஆனால் காயம் பற்றிக் கேட்டால் இன்றும் ஏணிதான்.

மார்ச் 18, செவ்வாய்

எழுதிவைக்காவிட்டால் நானே நம்ப மாட்டேன்.

துபாஷிக்கு போன் வந்தது, வெளியே போனார். என் கைக்குக் கீழே தையல்காரரின் தோள் மெல்லத் தளர்ந்தது. ஊறிய மாவு மாதிரி. கையைத் தூக்கினேன், காது வரைக்கும் வந்தது. அவரே ஆச்சரியப்பட்டார் என்று நினைக்கிறேன்.

பிறகு ஒரே நொடியில் கல். எலும்பு எது, சதை எது என்று தெரியவில்லை. வலிக்க வைத்துவிட்டோமோ என்று கையை எடுத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்தார். கதவு மூடியிருந்தது. வெளியே நீளத் தாழ்வாரம், முழுக்கக் கம்பளம் விரித்தது. யானை நடந்தாலும் கேட்காது. நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒன்றுமில்லை.

அப்புறம்தான் டொக். துபாஷி உள்ளே வந்தார்.

வீட்டில் சொன்னேன். "கை வழியா காது கேக்குதா உனக்கு?" என்றார் கணவர். சிரித்தேன். 

மார்ச் 21, வெள்ளி

இன்று கூடுதலாக ஒரு முறை வரச்சொன்னேன். டாக்டரம்மா வந்து போனார், கூட்டுகிறவர் வந்தார், ஒருமுறை கதவு காற்றில் அறைந்தது. எதற்கும் தோள் இறுகவில்லை. துபாஷி போய் வரும்போது மட்டும் கல். ஒவ்வொரு தடவையும், அவர் வருவதற்கு முன்பே.

மார்ச் 25, செவ்வாய்

வகுப்பு நடந்தது. குழாய், துண்டு, தாழ்ப்பாள், தலைக்கு மேல் விளக்கு. எதைச் செய்தால் ஒரு மனிதன் மூச்சுத் திணறுவான் என்று துபாஷி ஒவ்வொன்றாகச் சொன்னார். பதறாமல், தெளிவாக. மருந்து கொடுக்கும் பெண் கேட்டாள்: "இதெல்லாம் நோயாளிங்க உங்ககிட்ட சொன்னதா சார்?"

"அவங்க எங்க சொல்லுவாங்கம்மா. வாயைத் திறக்க வைக்கிறது லேசில்ல. எத்தனை பேரைப் பாத்திருக்கேன்."

எல்லோரும் உச்சுக்கொட்டினோம். நானும்தான்.

பஸ்ஸில் வரும்போது உறைத்தது. தையல்காரர் குழாய் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. துண்டு பற்றியும் சொல்லவில்லை. வேறு எந்த நோயாளிக்கும் துபாஷி இப்படி முன்கூட்டி வந்து நின்றதில்லை. அப்படியானால்—

சீ. அவரும் அடிபட்டவராக இருக்கலாம். பட்டவனுக்குத்தானே இதெல்லாம் தெரியும்? ஒரு நல்ல மனிதரைப் பற்றி என்ன நினைக்கிறேன் நான்.

மார்ச் 26, புதன்

மனது கேட்கவில்லை. டீ நேரத்தில் கேட்டேவிட்டேன். "நீங்களும் அங்க கஷ்டப்பட்டீங்களா சார்?"

கோப்பையைக் கழுவிக்கொண்டே இருந்தார். சுத்தமான கோப்பைதான். "நானும் அந்தக் கட்டடத்துல இருந்தவன்தான் மேடம்" என்றார். குரலில் ஒன்றும் இல்லை. பிறகு திரும்பி, எப்போதும்போல, "தண்ணி வேணுமா?"

வாங்கிக் குடித்தேன். வேறென்ன செய்ய?

எந்தக் கட்டடம்? தையல்காரர் கட்டடம் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லையே. ஏணி என்றுதானே சொன்னார்.

மார்ச் 28, வெள்ளி

டாக்டரம்மாவிடம் சொன்னேன். எரிந்து விழுந்தார். "தோள் இறுகுச்சுன்னு ஒரு மனுஷன் பொழைப்புல மண்ணைப் போடச் சொல்றியா?" நியாயம். என்னிடம் வேறு ஆதாரம் இல்லை.

"தையல்காரர்கிட்டயே கேட்டுட்டா போச்சு" என்றார்.

"கேக்கலாம் டாக்டர். யார் வாயால கேக்குறது?"

 டாக்டரம்மா பேனா மூடியைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார். அதே ஊர்ப்பக்கத்து ஆள் வேண்டும் என்று அலைந்தவர் அவர்தான். அந்த ஊரில் யார் யாரெல்லாம் இருந்திருப்பார்கள் என்று நாங்கள் ஒருவருமே யோசிக்கவில்லை.

வரும் வியாழக்கிழமை துபாஷிக்கு விடுப்பு. அன்று போன் வழியாக வேறொரு மொழிபெயர்ப்பாளர். தொலைதூரத்தில் இருக்கும் ஒரு பெண்மணி. நோயாளி யார் என்று அவருக்குச் சொல்ல மாட்டோம்.

ஏப்ரல் 3, வியாழன்

சாப்பிடக்கூட உட்காரவில்லை, நேரே எழுத வந்துவிட்டேன். எழுத்து கோணினால் கோணட்டும்.

போனை மேசையில் வைத்தோம். அந்தப் பெண்மணி இருமிவிட்டு வணக்கம் சொன்னார். தையல்காரர் கதவையே பார்த்தார். அதை முழுக்கத் திறந்து, அவரைக் கூட்டிப்போய்த் தாழ்வாரம் காலியாக இருப்பதைக் காட்டினேன். திரும்பி வந்து உட்கார்ந்தார். பேச ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. டாக்டரம்மா எழுதிக்கொண்டே இருந்தார். தோள் எப்படி விலகியது, எதில் கட்டினார்கள், எல்லாம் வந்தது. அதையெல்லாம் நான் இங்கே எழுதப்போவதில்லை.

இதை மட்டும். "முகத்தைப் பாத்ததே இல்ல. கண்ணைக் கட்டியிருந்தாங்க. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒருத்தர் வருவார். மோதிரத்தால கதவைத் தட்டுவார். ரொம்ப மரியாதையா தண்ணி வேணுமான்னு கேப்பார். வேணும்னு சொன்னா—"

போனில் அந்தப் பெண்மணி மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டார். "ஒரு நிமிஷம் குடுங்க" என்றார். அழுகிறார் என்று தெரிந்தது.

தெரிந்தும் ஏன் வாராவாரம் வந்தீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார்.

"வராம இருந்தா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சிடும்."

ஐயோ. நான்தானே அவரை அந்தக் கட்டிலில் உட்காரவைத்தேன். அந்த ஆள் பக்கத்தில்.

ஏப்ரல் 4, வெள்ளி

துபாஷி வரவில்லை. அவரிடம் நாங்கள் யாரும் எதுவும் சொல்லவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

துபாஷியின் போன் அணைந்து கிடக்கிறது. வீட்டைக் காலிசெய்துவிட்டாராம். டாக்டரம்மா போலீசில் சொல்லியிருக்கிறார். விசாரிக்கிறார்களாம். வரவேற்பு மேசையில் பிரிக்காத காகிதக் கோப்பைக் கட்டு ஒன்று இருந்தது. யார் வாங்கி வைத்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

மே 6, செவ்வாய்

தையல்காரர் இங்கேயே தங்கலாம். தீர்ப்பு வந்துவிட்டது. வாசலில் நின்று, தானாகவே வலது கையைத் தூக்கி எனக்குக் காட்டினார். காது வரை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஆனாலும் தாழ்வாரத்தின் அந்தக் கோடியை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போனார். நானும் பார்த்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

புது நோயாளி. சின்னப் பெண், அவள் அம்மாவும் கூட வந்திருந்தாள். இருவரும் உட்காரவே பயந்தார்கள். குழாயை இறுக்கி மூடினேன். துண்டைத் தள்ளி வைத்தேன். கதவைச் சாத்தவில்லை, தலைக்கு மேல் விளக்கை அணைத்தேன், முன்னால் வந்து நின்றேன். அந்தப் பெண்ணின் தோள் கொஞ்சம் இறங்கியது. உட்கார்ந்தாள்.

அந்த ஆள் சொல்லிக்கொடுத்தது ஒன்றுகூடத் தப்பவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அம்மாவுக்குத் தொண்டை வறண்டிருந்தது. கோப்பையில் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பினேன். தண்ணி வேணுமா என்ற கேள்வி நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கேட்கவில்லை. அவள் கைக்கு எட்டும் இடத்தில் கோப்பையை வைத்துவிட்டு, தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டேன்.