நாற்பது நிமிடத்துக்கு ஒரு கலியாணம்

ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.
05.04.2001

அன்பான மகன் பற்றிக்குக்கு அம்மா எழுதுவது,

ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் தங்கச்சி ஐவியும் சுகம். நீயும் ரொறன்ரோவில் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், இதை வாசித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்று மாதாவை மன்றாடிவிட்டுத்தான் பேனையை எடுத்தேன். அப்பாவுக்கு முழங்கால் நோ குறைவு, துறைமுகத்துக்குப் போய்வருகிறார், வாசலில் சோதனைக்கு நிற்கிற நேரம் வேலை செய்கிற நேரத்தைவிடக் கூட என்று புறுபுறுக்கிறார். நீ அனுப்பிய படம் கிடைத்தது, அந்தப் பெரிய குளிருடுப்புக்குள்ளும் மெலிவு தெரிகிறது.

ஈமெயில் அனுப்புங்கோ அம்மா என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறாய். மகன், இங்கே ஈமெயில் என்றால் இரத்தினசிங்கத்தாரின் கொமினிகேஷன் கடைதான். எங்கள் பக்கம் முழுவதற்கும் ஒரு கொம்பியூட்டர், ஒரு விலாசம், அதுவும் அவருடைய பெயரில். வருவதை அவர் அச்சடித்து, எழுத்துத் தெளிவோ என்று பார்க்கிற சாட்டில் முழுவதையும் வாசித்து, கிளிப்பில் கொழுவி வைப்பார். அந்த வழியால் போகிறவர்கள் அயலவருடையதையும் எடுத்துப்போய்க் கொடுப்பது வழக்கம். போன வருடம் உனக்கு வயிற்றோட்டம் வந்த செய்தி எனக்கு வருமுன்னே பாக்கியரத்தினம் ரீச்சர் மாதுளங்கோதோடு படலையில் நின்றா. ஆகவே ரகசியத்துக்கு இன்னும் முத்திரை ஒட்டின கடிதம்தான். வழியில் யாராவது பிரித்துப் பார்த்தால் அவர்களும் கொஞ்சம் சிரிக்கட்டும், ஊரில் இப்போது சிரிப்புக்குத் தட்டுப்பாடு.

விஷயம் இதுதான். ஐவிக்குக் கம்பஸ் அனுமதி மூன்று புள்ளியால் தவறினது உனக்குத் தெரியும். பாங்கொக்கில் ஒரு கல்லூரி நீர்வளப் படிப்புக்குப் புலமைப்பரிசில் கொடுக்கிறதாம். தபாலில் விண்ணப்பித்தால் பார்க்கமாட்டார்கள், இன்ரநெற்றில்தான் வரவேண்டுமாம். கொழும்புப் பிள்ளைகள் வீட்டுக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தபடி அனுப்புகிற படிவத்துக்கு எங்கள் பிள்ளை மூன்று நாள் அலைந்தாள். கடையில் ரெலிபோனுக்கும் இன்ரநெற்றுக்கும் ஒரே லைன். யாராவது ரிசீவரைத் தூக்கினால் அறுந்துவிடும், பிறகு முதலாம் பக்கத்தில் இருந்து தொடங்கவேண்டும். எட்டுப் பக்கமும் சான்றிதழ்களும் போய்ச்சேர நாற்பது நிமிடம். புதன்கிழமை ஆறாம் பக்கத்தில் அறுந்தது, வியாழக்கிழமை ஏழாம் பக்கத்தில். இரத்தினசிங்கத்தாரைக் குறை சொல்ல ஏலாது. வெறும் நேரத்தில இருங்கோ பிள்ளை, வெளிநாட்டுக்குக் கோல் எடுக்க ஆள் வந்தா நான் லைன் குடுக்கத்தான் வேணும், அதுதானே என்ர பிழைப்பு என்று முதலே சொன்னவர். கடைசி நாள் வெள்ளிக்கிழமை, அவர்களுடைய ஐந்து மணி, எங்களுடைய நாலு மணி. தவறினால் அடுத்த வருடம் அவளுக்கு வயது கடந்துவிடும்.

வெள்ளிக்கிழமை காலையில் இருந்து கரண்ட் இல்லை, மூன்று மணிக்குத்தான் வந்தது. மூன்று பத்துக்கு ஐவி தொடங்கினாள். நான் ரெலிபோன் மேசைக்குப் பக்கத்துக் கதிரையைப் பிடித்து, ரிசீவரை மறைத்துக் கைப்பையையும் குடையையும் வைத்துக்கொண்டு இருந்தேன். ஐந்து நிமிடம் போகவில்லை, ஜேர்மனியில் இருக்கிற மருமகனுக்கு எடுக்க ரீச்சர் வந்தா. அவவுக்குப் பின்னால் கிண்ணியாவில் இருந்து படகுப்பாதை ஏறி நஜ்முன் நிஸா வந்தா, அவவுடைய கணவன் கட்டாரில், வெள்ளிக்கிழமை மட்டும்தான் அந்த மனுசனுக்கு லீவு. ரீச்சர் என் குடையைத் தள்ளிவிட்டுக் கையை நீட்டினா. எனக்கு வேறு ஒன்றும் ஓடவில்லை. ரீச்சர், உங்களுக்குத்தான் முதல் சொல்லவேணும் எண்டு இருந்தனான், பற்றிக்குக்குக் கலியாணம் சரிவந்திட்டுது என்று சொல்லிப்போட்டேன்.

கை அப்படியே அந்தரத்தில் நின்றது. பிறகு ரீச்சர் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தா. பொம்பிளை என்ன செய்கிறா என்றா, நேர்ஸ் என்றேன். ஊர் எது என்றா, பேசாலை என்றேன். பேசாலையில எனக்குத் தெரியாத நேர்ஸோ, தகப்பன் ஆர் என்று அவ புருவத்தை உயர்த்த நான் கைப்பையை ரிசீவரோடு இன்னும் நெருக்கினேன். நஜ்முன் நிஸா ஐவியின் முதுகையும் பார்த்தா, என் கைப்பையையும் பார்த்தா. ரீச்சர், தகப்பனை விடுங்கோ, பொடியன் இந்தப் பிள்ளையை எங்க கண்டவர் எண்டு கேளுங்கோ முதல் என்று ஒரு போடு போட்டா. அதற்குப் பிறகு கேள்விக்கு மேல் கேள்வி அவதான் கேட்டா. நீ அவளை ஆஸ்பத்திரியில் கண்டாய், உனக்குக் காலில் கட்டுப்போட்டவள் அவள்தான், கறுப்பென்றாலும் களையான பிள்ளை, பாட்டுப்பாடுவாள், உன்னைவிட அரை அங்குலம் உயரம். நஜ்முன் நிஸா இரண்டு தரம் மணிக்கூட்டைப் பார்த்தா, இரண்டு தரமும் கூறைச் சேலையைப் பற்றி இன்னொன்று கேட்டா. இரத்தினசிங்கத்தாரும் கணக்குக் கொப்பியை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றார். மூன்று ஐம்பதுக்கு ஐவி திரும்பி, போயிட்டுதம்மா என்றாள். நான் கைப்பையை எடுத்த வேகத்தில் குடை விழுந்தது.

நஜ்முன் நிஸாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அக்கா, பிந்தினதுக்கு எங்கட ஆள் ரெண்டு ஏச்சுத் தருவார், அதை நான் பாத்துக்கொள்ளுவன், என்ட மகளும் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறா என்று காதுக்குள் சொன்னா. பிறகு சிரித்துக்கொண்டு, அந்தப் பிள்ளைக்கு ஒரு பேரை வையுங்கோ, ரீச்சர் விடமாட்டா என்றா.

அப்பாவுக்கு அடுத்த நாள் துறைமுக வாசலில் கை கொடுத்திருக்கிறார்கள். மனுசன் விளங்காமல் நன்றி சொல்லிப்போட்டு வந்து என்னைப் பார்த்த பார்வையை எழுத ஏலாது. தவசுகாலத்தில் பொய் சொன்னதைக் கோயிலில் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம் என்று போனால், பங்குச் சுவாமி முந்திக்கொண்டு வாழ்த்துச் சொல்கிறார்.

நேற்றுப் பதில் வந்தது, முதல் தெரிவில் ஐவியின் பெயர் இருக்கிறது. அந்தச் செய்தியும் மூன்று பேர் சொன்ன பிறகுதான் எங்களுக்குக் கிடைத்தது. ஆனால் மகன், மே மாதம் பதினோராந் திகதி, அதுவும் வெள்ளிக்கிழமை, இன்ரநெற்றில் ஒரு சோதினை வைக்கிறார்கள். ஒரு மணித்தியாலம், இடையில் அறுந்தால் முடிந்தது. ஆகவே அதுவரைக்கும் நீ கலியாணத்தைக் குழப்பிப்போடாதே. இந்தக் கடிதம் உன் கைக்கு வர மூன்று கிழமையாகும், வந்தவுடன் யாராவது ஒரு நல்ல பிள்ளையைக் கேட்டுப் பக்கத்தில் நிறுத்தி ஒரு படம் எடுத்து அனுப்பு. ஈமெயிலிலேயே அனுப்பு, இதை மட்டும் ஊர் முழுக்கப் பார்க்க வேண்டும். படத்தைச் சுற்றி ஒரு மணித்தியாலம் ஓட்டுவது என் பொறுப்பு, நஜ்முன் நிஸாவும் அன்றைக்கு வருகிறதாகச் சொல்லிவிட்டா. அவ கட்டாருக்குச் சோதினைக்கு முன்னமே எடுத்துவிடுவாவாம்.

நேரத்துக்குச் சாப்பிடு, இரவு வேலைக்குப் போகும்போது காதை மூடு. யாராவது எடுத்து வாழ்த்தினால் நன்றி என்று மட்டும் சொல், பெயர் கேட்டால் ஸ்டெல்லா. மாதா உன்னையும் உன் வேலையையும் காப்பாற்றட்டும். சோதினை முடிந்த பிறகு கலியாணத்தை நானே முறித்துவிடுகிறேன், பயப்படாதே. ஆனால் பிழை உன்னுடையது என்றுதான் சொல்வேன். ஸ்டெல்லாவை ஒரு சொல் குறைவாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உன் மேல் உயிரான அம்மா,
திரேசம்மா யேசுரட்ணம்