விருந்தாளிக்குக் கொடுத்த மணல்

1955 பிப்ரவரி 8

இன்ஸ்பெக்டர் நாராயணபெருமாள் கூப்பிட்டு விட்டார். ஏட்டு உடுப்பைக் கழற்றிவிட்டு, இந்த வாரம் முழுக்க நான் டிரைவர். ஏதோ ஒரு சின்னத் தீவு நாட்டின் தூதர் கன்னியாகுமரிக்கு வருகிறார். பெயரையும் நாட்டையும் எங்கும் எழுதக் கூடாதென்று உத்தரவு. சரி, இங்கேயும் அவர் விருந்தாளியாகவே இருக்கட்டும்.

கூட டெல்லியிலிருந்து ஓர் அதிகாரி. கடலில் அணுகுண்டு வெடித்துப் பார்ப்பதை நிறுத்தச் சொல்லி, ஏப்ரலில் சின்ன நாடுகள் சேர்ந்து ஓர் அறிக்கை விடப்போகின்றனவாம். விருந்தாளி அதில் கையெழுத்துப் போட இன்னும் மனசு வைக்கவில்லை. இங்கே கடற்காற்று வாங்க வைத்து, பேசிச் சம்மதிக்க வைப்பதாகத் திட்டம்.

இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. "கையெழுத்துப் போட டெல்லியில பேனா இல்லியா வே? மணவாளக்குறிச்சி மணலுக்குத்தான் வாறான். உம்ம கண்ணு அவன் கையிலயே இருக்கணும்" என்றார்.

அந்தக் கறுப்பு மணலில் அணுவுக்கு வேண்டிய சரக்கு இருக்கிறது. சர்க்கார் அனுமதி இல்லாமல் ஒரு பிடி வெளிநாடு போகக் கூடாது. எனக்கும் இன்ஸ்பெக்டர் சொல்வதுதான் சரியென்று படுகிறது.

பிப்ரவரி 9

வந்துவிட்டார். ஒல்லியான ஆள், கையில் குடை. சர்க்கார் பங்களாவில் பெட்டியை இறக்கும் முன்பே செருப்பைக் கழற்றிவிட்டுக் கடற்கரையில் இறங்கினார். குனிந்தார். ஒரு பிடி மணலை அள்ளினார்! முகர்ந்து பார்த்தார். பிறகு உதறிவிட்டு அலையில் கை கழுவினார்.

மணலை யாராவது முகர்ந்து பார்ப்பார்களா?

பங்களாச் சமையல்காரன் ஐயப்பன், "அண்ணாச்சி இதுக்கு முன்னால எங்க கார் ஓட்டினீரு?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டான். இவனுக்கு எதற்கு?

பிப்ரவரி 10

பத்மநாபபுரம் அரண்மனைக்குக் கூட்டிப் போனேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாதென்று நினைத்து இருவரும் தாராளமாகப் பேசினார்கள். யுத்தத்தில் பர்மாவில் வெள்ளைக்காரனுக்கு லாரி ஓட்டியவன் நான்.

போன வருஷம் கடலில் குண்டு வெடித்தபோது விருந்தாளி நாட்டுப் படகுகள் மேல் வெள்ளைச் சாம்பல் விழுந்ததாம். அதற்குப் பிறகு அங்கே மீன் வாங்க ஆளில்லை. எதை எடுத்தாலும் முகர்ந்து பார்க்கும் பழக்கம் தனக்கு வந்துவிட்டது என்றார் விருந்தாளி. ஓகோ.

"ஆனால் அந்தக் குண்டை வெடித்தவன் கொடுக்கிற அரிசியைத்தான் நாங்கள் சாப்பிடுகிறோம். கையெழுத்துப் போட்டால் கப்பல் நின்றுபோகும். அன்றைக்கு எங்கள் பக்கத்தில் யார் நிற்பீர்கள்?" என்று கேட்டார்.

டெல்லிக்காரர் ஆசியாவின் மனசாட்சியைப் பற்றி வெகுநேரம் பேசினார். நல்ல இங்கிலீஷ். நிற்பேன் என்று மட்டும் சொல்லவில்லை. விருந்தாளியும் அதைக் கவனித்தார் என்றே நினைக்கிறேன். நான் கவனித்தேன்.

பிப்ரவரி 11

வீட்டில் மனைவி நாயகியிடம் சாம்பல் விழுந்த கதையைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. அவள் முகம் வாடிவிட்டது.

"கன்னியாகுமரிக்கு வந்த மனுசன வெறுங்கையோட அனுப்புவேளா? அவருக்கும் வீடுன்னு ஒண்ணு இருக்கும்லா" என்று, கோயில் வாசலில் ஏழு நிற மணல் வாங்கி வந்தாள். வடக்கேயிருந்து வருகிற எல்லோரும் வாங்கிப் போவதுதான். சின்ன ஓலைப்பெட்டியில் வரிவரியாக இருக்கும். நமக்குத் தொழில்புத்தி போகுமா? கொடுப்பதற்கு முன் பெட்டியை விரலால் கிளறிப் பார்த்தேன். மணலைத் தவிர ஒன்றும் இல்லை.

சாயங்காலம் பங்களா முற்றத்தில் வைத்துக் கொடுத்தேன். விருந்தாளி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ரொம்ப சந்தோஷப்பட்டார்.

பிப்ரவரி 12

இன்றைக்கு நடந்ததை எழுதிவிட வேண்டும்.

விருந்தாளியை ரயிலேற்றத் திருநெல்வேலிக்குப் போகும் வழியில், ஆரல்வாய்மொழி எல்லைச் சாவடியில் காரை நிறுத்தினார்கள். இன்ஸ்பெக்டரே நிற்கிறார்! தூதர் என்றும் பாராமல் பெட்டியைத் திறக்கச் சொன்னார். நேராக ஓலைப்பெட்டியை எடுத்தார். ஏழு வரியில் ஒரு வரி கறுப்பு.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அட பாவி — கோயில் மணலும் அந்த மணலும் ஒரே கடல் மணல்தானே! எத்தனை வருஷமாகப் பார்க்கிறேன், ஒரு நாளாவது அப்படி நினைத்திருப்பேனா?

"யார் கொடுத்தது?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். விருந்தாளி என்னை ஒரு பார்வை பார்த்தார். "கடையில் நானே வாங்கினேன்" என்றார்.

டெல்லிக்காரர் காரை விட்டு இறங்கி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மலையில அப்படி என்னதான் இருந்துதோ அந்த ஆளுக்கு!

பேசாம இரி தாணுமாலயா, பேசாம இரி என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. "நாந்தான் சார் குடுத்தேன்" என்றேன்.

"ஒமக்குக் கிறுக்கா வே?" என்றார் இன்ஸ்பெக்டர். ஓலைப்பெட்டி சாவடியிலேயே தங்கிவிட்டது. விருந்தாளி வேறு காரில் போனார். ஏறும்போது டெல்லிக்காரரைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

பிப்ரவரி 13

சஸ்பென்ஷன். நான் மணல் கொடுத்ததை ஐயப்பன்தான் பார்த்துச் சொன்னவன். இந்தப் பகுதியைத் தமிழகத்தோடு சேர்க்கச் சொல்லி போன வருஷம் நடந்த தமிழர் போராட்டத்தில் என் மச்சான் ஜெயிலுக்குப் போனானே, அதனால் என்மேல் ஒரு கண் வைக்கச் சொல்லியிருந்தார்களாம். நான் விருந்தாளியைப் பார்க்க, அவன் என்னைப் பார்க்க! அவனைப் பார்க்க யாரை வைத்திருந்தார்களோ.

மார்ச் 4

இன்ஸ்பெக்டர் வீட்டுக்கே வந்தார். மரியாதை அதிகமாக இருந்தபோதே சந்தேகப்பட்டேன். ஒரு வாக்குமூலம் தட்டச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். கறுப்பு மணல் வேண்டுமென்று விருந்தாளியே என்னை நச்சரித்துக் கேட்டாராம். நான் விவரம் தெரியாமல் கொடுத்தேனாம். கையெழுத்துப் போட்டால் நாளைக்கே உடுப்பு.

"இது எதுக்கு சார்?"

"அந்த ஆளு ஏப்ரல்ல கையெழுத்துப் போடலேன்னா, டெல்லிக்காரரு இதக் காட்டிப் போட வைப்பாரு. குண்ட நிறுத்தணும்லா? நல்ல காரியத்துக்குத்தான வே" என்றார்.

நல்ல காரியம்தான். அதுதான் சங்கடமே. நான் ஒரு பொய்க்குக் கையெழுத்துப் போட்டால் அவர் ஒரு நியாயத்துக்குக் கையெழுத்துப் போடுவார். படகில் சாம்பல் விழாது. என் வேலையும் தப்பும். வேறென்ன வேண்டும் எனக்கு?

நாயகி அடுப்பங்கரையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "போடுறதும் போடாததும் உங்க இஷ்டம். ஆனா நான் குடுத்து விட்டதை அவரு கேட்டு வாங்கினாருன்னு மட்டும் எழுதாதீங்க" என்றாள். அந்த வரியை எடுத்துவிட்டால் பிறகு என்ன மிச்சம், அதில் கையெழுத்துப் போட?

மார்ச் 7

போடவில்லை.

ஏப்ரல் 5

வேலை போயிற்று. நாயகியிடம் சொன்னேன். "தெரிஞ்சதுதான" என்றாள்.

ஏப்ரல் 27

டீக்கடையில் பேப்பர் பார்த்தேன். சின்ன நாடுகளின் அறிக்கை வந்திருக்கிறது. பட்டியலில் விருந்தாளியின் நாடும் இருக்கிறது.

முதலில் நம்பவில்லை. வேறு எவனாவது எதையாவது காட்டி மிரட்டியிருப்பானோ? கீழே இன்னொரு செய்தி: கையெழுத்துப் போட்டுவிட்டு அவரே பத்திரிகைக்காரர்களிடம் பேசியிருக்கிறார். அரிசிக் கப்பல் இனி வராது என்று தெரிந்துதான் போட்டேன் என்று சொல்லியிருக்கிறார். மிரட்டலுக்குப் பயந்தவன் பேசுகிற பேச்சு இல்லை அது. என்னால்தான் போட்டார் என்று நினைத்துக்கொள்ள நான் மடையனில்லை. ஆனால் சந்தோஷமாக இருந்தது. டீக்கடையிலேயே கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். நாயகி அரிசிப் பானையைத் திறந்து பார்த்துவிட்டு, "இனி ராத்திரிக்குக் கஞ்சிதான், கேட்டேளா" என்றாள்.

விருந்தாளி வீட்டிலும் இன்றைக்குக் கஞ்சியாகத்தான் இருக்கும்.